மரம் சாய்ந்தது, சரி. தீ வைத்தது யார்?

*1984 தில்லிப் படுகொலையை ‘மக்களின் கோபம்’ என்று சொல்லிக் கணக்கை முடிக்கப் பார்த்தார்கள். ஆனால் கோபத்துக்குக் கையெழுத்தில்லை, முகவரியில்லை. கொன்றவர்களுக்கு இரண்டும் உண்டு.*

1984 நவம்பர் 19. தில்லி போட் கிளப் மைதானத்தில் இந்திரா காந்தியின் பிறந்த நாள் கூட்டம். அவர் சுட்டுக்கொல்லப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. புதிய பிரதமர் ராஜீவ் காந்தி பேசும்போது, பெரிய மரம் ஒன்று சாய்ந்தால் நிலம் சற்று அதிரத்தான் செய்யும் என்றார். அந்த அதிர்ச்சியில் தில்லியில் மட்டும் மடிந்தவர்கள் 2,733 பேர் என்று அரசு நியமித்த அஹுஜா குழு 1987ல் கணக்குச் சொன்னது.

நிலம் அதிர்ந்தால் யாரைக் கைது செய்வது? பிரதமர் சொன்ன அந்த உவமையில் மண்ணெண்ணெய் கொண்டுவந்தவன் இல்லை, வீட்டை அடையாளம் காட்டியவன் இல்லை, வேடிக்கை பார்த்த போலீஸ் அதிகாரியும் இல்லை. எல்லோரும் இயற்கையின் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த ஒரே வாரத்தில் ஒரே தவறு இரண்டு விதமாக நடந்தது. அக்டோபர் 31 காலையில் பிரதமரைச் சுட்டவர்கள் இரண்டு மெய்க்காவலர்கள், பியந்த் சிங்கும் சத்வந்த் சிங்கும். தெருவில் அந்தப் பழி ஒரு சமூகம் முழுவதன் மீதும் விழுந்தது. டர்பன் கட்டியவரெல்லாம் குற்றவாளி ஆனார். அதற்குப் பிறகு நடந்த கொலைகளுக்கோ பழியேற்க ஒருவரும் இல்லை. ‘மக்கள்’ கொந்தளித்தார்கள், அவ்வளவுதான். இருவர் செய்ததற்கு எல்லோரும் பொறுப்பு. பல்லாயிரம் பேர் செய்ததற்கு யாரும் பொறுப்பில்லை.

கோபமும் வெறுப்பும் பொய் என்று சொல்ல முடியாது. பஞ்சாபில் தீவிரவாதிகள் பஸ்ஸை நிறுத்தி இந்துப் பயணிகளைத் தனியே பிரித்துச் சுட்டிருந்தார்கள். 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்த பிறகு இரு பக்கமும் மனம் கசந்து கிடந்தது. இந்திரா இறந்ததும் வதந்திகள் பறந்தன: சீக்கியர்கள் இனிப்பு வழங்கினார்கள், தில்லியின் குடிநீரில் விஷம் கலந்துவிட்டார்கள், பஞ்சாபிலிருந்து வரும் ரயில்களில் பிணங்கள் வருகின்றன. இவற்றை நம்பத் தயாராக ஒரு நகரமே இருந்தது. கும்பலுக்கு ஆள் கிடைத்த காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

ஆனால் ஆள் சேர்ந்தால் மட்டும் இத்தனை கொலை நடக்காது. அதே நவம்பரில் மக்கள் சிவில் உரிமைக் கழகமும் மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கமும் சேர்ந்து ஒரு சிறு நூலை வெளியிட்டன. அதன் தலைப்பே ‘குற்றவாளிகள் யார்?’ என்பதுதான். தன்னிச்சையான கலவரம் அல்ல, திட்டமிட்ட வேலை என்றது அந்த அறிக்கை. தாங்கள் விசாரித்த மக்கள் சொன்ன பெயர்களையும் பட்டியல் போட்டது. சீக்கியர் வீடுகளைக் கண்டுபிடிக்க வாக்காளர் பட்டியல்களும் ரேஷன் கடைப் பட்டியல்களும் பயன்பட்டதாகச் சாட்சிகள் பிறகு சொன்னார்கள். வெறுப்பு காற்றில் பரவியிருக்கலாம். வாக்காளர் பட்டியல் காற்றில் வராது, அதை யாரோ எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 1ம் தேதி தில்லி போலீஸ் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கிழக்கு தில்லியில் ஏழைகள் குடியிருந்த திரிலோக்புரியில் நூற்றுக்கணக்கான சீக்கியர்கள் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். பக்கத்துக் காவல் நிலையம் அதைத் தடுக்கவில்லை. அதே நாளில் சாந்தினி சௌக்கில் சீஸ்கஞ்ச் குருத்வாராவை நோக்கி வந்த கும்பலை கூடுதல் துணை கமிஷனர் மாக்ஸ்வெல் பெரைரா சொற்பக் காவலர்களோடு எதிர்கொண்டார். துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவிட்டார், கும்பல் கலைந்தது, குருத்வாரா தப்பியது. இரண்டு இடத்திலும் ஒரே நகரம், ஒரே போலீஸ் படை, ஒரே துக்கம். பொறுப்பில் இருந்த மனிதர்கள் எடுத்த முடிவுதான் வேறு.

சீக்கியர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய இந்து, முஸ்லிம் குடும்பங்களும் அதே வதந்திகளைக் கேட்டவைதான். டாக்ஸி ஓட்டும் சீக்கியர்கள் ஏராளமாக வாழ்ந்த கல்கத்தாவிலும் இந்திராவுக்காக மக்கள் அழுதார்கள். அங்கே தில்லியைப் போன்ற படுகொலை நடக்கவில்லை.

அப்படியானால் தனி மனிதர்களைத் தண்டித்தால் போதுமா? கோர்ட்டுகளின் அனுபவம் அது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகிறது. பல கொலைகளை ஒரே முதல் தகவல் அறிக்கையில் போலீஸ் மொத்தமாக எழுதி வைத்தது. யார், எங்கே, யாரைக் கொன்றார் என்ற விவரம் அதில் கரைந்துபோனது. திரிலோக்புரி வழக்கு ஒன்றில் 1996ல் 89 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அதுவும் கொலைக்காக அல்ல. கலவரம், தீ வைப்பு, ஊரடங்கு மீறல் போன்ற குற்றங்களுக்காக. 2019ல் அவர்களில் சிலரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. கலவரத்தில் இவர்கள் ஈடுபட்டதைச் சாட்சிகள் நேரடியாக அடையாளம் காட்டவில்லை என்பதே காரணம். கும்பலில் ஒருவன் என்று சொல்லி எவரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. அனுப்பவும் கூடாது. அப்படிச் செய்தால் தெருவில் நடந்த அதே தவறைக் கோர்ட்டும் செய்ததாகிவிடும்.

முகம் தெரிந்த வழக்குகளுக்கும் காலம் பிடித்தது. பாலம் காலனி ராஜ்நகரில் ஐந்து சீக்கியர்கள் கொல்லப்பட்ட வழக்கில், காங்கிரஸ் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாரை விசாரணை நீதிமன்றம் 2013ல் விடுவித்தது. கணவரையும் மகனையும் அங்கே பறிகொடுத்த ஒரு பெண் விடாமல் சாட்சி சொன்னார். 2018 டிசம்பர் 17ல் தில்லி உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சம்பவம் நடந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தையும் மகனும் கொல்லப்பட்ட சரஸ்வதி விகார் வழக்கில் 2025 பிப்ரவரியில் இன்னொரு ஆயுள் தண்டனை வந்தது. குற்றவாளிகள் அரசியல் பாதுகாப்போடு தப்பித்து வந்ததை 2018 தீர்ப்பு குறிப்பிட்டது. மும்பை 1993, குஜராத் 2002, கந்தமால் 2008, முசாஃபர்நகர் 2013 என்று அதே பாணியில் நடந்தவற்றையும் அது வரிசைப்படுத்தியது.

சமூகத்தின் பங்கு இங்கேதான் வருகிறது. குற்றச்சாட்டு எழுந்த பிறகும் 1991லும் 2004லும் சஜ்ஜன் குமாரை வெளி தில்லித் தொகுதி வாக்காளர்கள் மக்களவைக்கு அனுப்பினார்கள். கட்சி டிக்கெட் கொடுத்தது, மக்கள் ஓட்டுப் போட்டார்கள். கொலைக்கு அவர்கள் பொறுப்பல்ல. ஆனால் கொலையில் தொடர்பிருப்பதாகச் சொல்லப்பட்டவர் பொது வாழ்வில் எதையும் இழக்க வேண்டியதில்லை என்ற பாடம் அடுத்த கலவரக்காரனுக்கும் போய்ச் சேர்ந்தது. பண்பாடு என்று நாம் பெரிதாகச் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது: தண்டிக்காமல் விட்ட ஒவ்வொரு குற்றமும் சேர்ந்து ஒரு வழக்கமாகிறது.

2005 ஆகஸ்டில் பிரதமர் மன்மோகன் சிங் மாநிலங்களவையில் வெட்கித் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். அது கௌரவமான செயல். ஆனால் அரசின் மன்னிப்பு தனி மனிதர்களின் கணக்கைத் தீர்க்காது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதா சட்டத்தில், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து இனம், சாதி, சமூகம், மொழி போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் அந்தக் கூட்டத்தின் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ உண்டு. ‘ஒவ்வொருவருக்கும்’ என்ற சொல் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அது காவல் நிலையத்துக்கும் வந்து சேர வேண்டும்.

அடுத்த முறை ஏதோ ஓர் ஊர் எரிந்து, ‘மக்கள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள்’ என்று ஓர் அமைச்சர் சொல்லும்போது கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. அது எந்தக் காவல் நிலைய எல்லை? அங்கே அன்று பொறுப்பில் இருந்த அதிகாரி யார்? முதல் தகவல் அறிக்கையில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன?