பேட்டரிக்கு வயசு எத்தனை?

(இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



"ஒரு கார் பேட்டரி எத்தனை வருஷம் வரும்?" என்று எந்த மெக்கானிக் ஷெட்டில் கேட்டாலும் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். ஒருவர் இரண்டு வருஷம் என்பார், இன்னொருவர் ஐந்து என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு பேட்டரிகளில் ஒன்று இரண்டு வருஷத்தில் படுத்துவிடும். மற்றொன்று ஐந்தாம் வருஷத்திலும் ஒரே செல்ஃபில் வண்டியை எழுப்பும்.

நம் செஞ்சி வட்டாரத்தில் ஒரு வேனையோ காரையோ நம்பி அடுப்பெரியும் வீடுகள் நிறைய. சின்ன கார் பேட்டரி ஒன்று இன்றைக்கு நாலாயிரம் ரூபாய் அளவில் விற்கிறது. தேவைக்கு முன்னாலேயே மாற்றினால் காசு நஷ்டம். தள்ளிப்போட்டால் நடுவழியில் நிற்க வேண்டும். எனவே பேட்டரியைக் காலண்டர் பார்த்து மாற்றக்கூடாது, மீட்டர் பார்த்து மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

லெட் ஆசிட் பேட்டரியை 1859-ஆம் ஆண்டு பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். அடிப்படை இன்றும் அதேதான். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும். ஒவ்வொரு செல்லிலும் ஈயத் தகடுகள், ஈய டை ஆக்சைடு தகடுகள், இவற்றுக்கு நடுவே நீர்த்த கந்தக அமிலம். கரண்ட் எடுக்கும்போது இருவகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் வலு குறைந்து தண்ணீராகிக்கொண்டே வருகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆனால் முழுசாகத் திரும்புவதில்லை. அங்கேதான் பேட்டரியின் வயசு கரைகிறது. சார்ஜ் இல்லாமல் பல நாள் கிடந்தால் அந்த சல்பேட் கெட்டிப் படிகமாகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் கரையாது. இதற்கு சல்பேஷன் என்று பெயர். பாசிட்டிவ் தகட்டின் கிரிட் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போகும். தகட்டில் உள்ள பொருள் உதிர்ந்து அடியில் வண்டலாகச் சேரும். அது தகடுகளைத் தொட்டால் அந்த செல் ஷார்ட் ஆகிவிடும்.

இதெல்லாம் வெளிநாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். இந்தத் துறைக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் நம் தமிழ்நாட்டில், காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. பேட்டரியும் உலோக அரிப்பும் அங்கே முக்கியமான ஆராய்ச்சிப் பாடங்கள்.

வெயில்தான் முதல் எதிரி

குளிர் நாடுகளில் பனிக்கால காலையில் பேட்டரி காலை வாரும். அதனால் குளிர்தான் பேட்டரிக்கு ஆகாது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் குளிர் செய்வது பலவீனத்தைக் காட்டிக்கொடுப்பது மட்டுமே. பேட்டரியை அரிப்பது வெப்பம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. 25 டிகிரியில் ஆறு வருஷம் உழைக்கும் பேட்டரி 35 டிகிரியில் மூன்று வருஷம்தான் உழைக்கும்.

நம் ஊர் நிலைமை சொல்லவே வேண்டாம். கத்திரி வெயிலில் ராஜகிரி அடிவாரத்தில் நின்றால் பாறை விடும் அனல் முகத்தில் அடிக்கும். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டை பார்க்க வரும் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தினால், பானெட்டுக்குள் வெளியை விட இன்னும் சூடு. மரத்தடி நிழலில் நிறுத்துவது டிரைவருக்கு மட்டும் சுகமல்ல, பேட்டரிக்கும் ஆயுள். சுமாராகச் சொன்னால், நம் பக்கம் மூன்று முதல் நான்கு வருஷம் வந்தால் அது நல்ல உழைப்பு.

அடுத்த எதிரி நம் பழக்கம்

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். செல்ஃப் அடிக்கும்போது மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது, மூன்று விநாடியில் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 0.125 ஆம்பியர் அவர் மட்டுமே! ஓட ஆரம்பித்த சில நிமிஷத்தில் ஆல்டர்னேட்டர் அதை ஈடுகட்டிவிடும்.

இப்போது இன்னொரு கணக்கு. அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு சவாரி போன வேன் ஊஞ்சல் உற்சவம் முடியும் வரை நிற்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு பாட்டு, லைட், குட்டி ஃபேன் எல்லாம் ஓடுகிறது. 5 ஆம்பியர் வீதம் நாலு மணி நேரம் என்றால் 20 ஆம்பியர் அவர் காலி. 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் பாதிக்கு மேல் போய்விட்டது. விடியற்காலையில் "தள்ளு, தள்ளு" என்று பக்தர்கள்தான் தள்ள வேண்டும்.

இன்வர்ட்டர் பேட்டரி மூட்டை தூக்கும் ஆள் மாதிரி, நாள் முழுக்கத் தாங்கும். கார் பேட்டரி நூறு மீட்டர் ஓட்டக்காரன் மாதிரி. ஒரே மூச்சில் நிறைய கரண்ட் தருவதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. அடிக்கடி அடிவரை காலி செய்தால் தாங்காது.

மீட்டர் சொன்ன உண்மை

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் வீட்டில் ஒயர் அறுந்தாலும் சரி, வண்டி நின்றாலும் சரி, "படிக்கிற பையன், அவனைக் கேளு" என்பார்கள். பழைய ஆம்னி வேன் வைத்திருக்கும் என் தாய்மாமாவுக்குப் போன வருஷம் ஒரு கடையில், "பேட்டரி போச்சு, புதுசு போடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். போட்டு ஒன்றரை வருஷம்கூட ஆகாத பேட்டரி. அத்தை கம்மலைக் கழற்றி அடகுக்கு எடுத்து வைத்துவிட்டார். "இன்னா மாப்ள பண்றது, சவாரி போனாத்தான சோறு?" என்றார் மாமா.

"ஒரு நாள் பொறுங்க மாமா" என்று சொல்லி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரை வர வேண்டும். வந்ததோ 12.2! அப்படியென்றால் பேட்டரிக்குச் சாப்பாடே போகவில்லை. ஆல்டர்னேட்டர் பெல்ட் தேய்ந்து தொளதொளவென்று இருந்தது. பெல்ட்டை மாற்றி, பேட்டரியை வெளியில் சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி ஓய்வு கொடுத்து அளந்தால் 12.6 வோல்ட் நின்றது. செலவு சில நூறு ரூபாயோடு முடிந்தது. கம்மல் அத்தை காதிலேயே இருக்கிறது.

எப்போதுதான் மாற்றுவது?

முதலில் டெர்மினலைச் சுத்தம் செய்யுங்கள், பெல்ட்டைப் பாருங்கள், முழு சார்ஜ் ஏற்றுங்கள், ஒரு ராத்திரி சும்மா விடுங்கள். அதன் பிறகு அளந்தால்தான் கணக்கு சரியாக வரும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி; 12.0 என்றால் கால் பங்குதான்.

1. முழு சார்ஜ் ஏற்றியும் மறுநாள் 12.4-க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படுங்கள். ஆனால் வண்டியில் எங்காவது கரண்ட் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அரை ஆம்பியர் கசிவு இருந்தால் 35 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்று நாளில் காலி!

2. முழு சார்ஜில் செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குத் தெம்பு இல்லை.

3. மூடி திறக்கும் வகை என்றால் ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி பாருங்கள். முழு சார்ஜில் சுமார் 1.240 முதல் 1.260 வரை இருக்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றை விட 0.050 அளவுக்குக் குறைந்தால் அந்த செல் போய்விட்டது என்று பொருள்.

4. பெட்டி உப்பியிருந்தாலோ, வெடித்து ஆசிட் கசிந்தாலோ சோதனையே வேண்டாம். உடனே மாற்றுங்கள்.

மூன்று வருஷம் தாண்டிய பேட்டரியை ஒவ்வொரு கோடைக்கு முன்பும் கட்டாயம் சோதிக்க வேண்டும். வண்டி நின்ற பிறகு பார்ப்பது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். புதுசு வாங்கும்போது தயாரித்த மாதம் பார்த்து வாங்குங்கள். கடையில் சும்மா இருக்கும் பேட்டரியும் சார்ஜ் இழக்கும். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் கேட்டு வாங்குங்கள்.

காசில்லாத வைத்தியம்

டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணியில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றிக் கழுவலாம். காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும். தண்ணி குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். போர் தண்ணியும் கூடாது, ஆசிட்டும் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

செத்த பேட்டரியும் ஆபத்தானது

பேட்டரி எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதை உருக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் சரியான ஆலையில் உருக்க வேண்டும். நூறு இருநூறு கூடக் கிடைக்கிறதே என்று கண்ட இடத்தில் விற்றால், கோடாலியால் உடைத்து ஆசிட்டை மண்ணில் ஊற்றி, திறந்தவெளியில் ஈயத்தை உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், அதாவது 80 கோடிக் குழந்தைகள் வரை, ஈயம் கவலைப்படும் அளவில் இருப்பதாக யுனிசெஃப் 2020-இல் அறிக்கை தந்தது. பழைய பேட்டரி ஒரு முக்கியக் காரணம் என்றும் அதில் சொன்னார்கள். நம் நாட்டில் 2001-லேயே இதற்கு விதிகள் வந்தன. 2022-இல் வந்த புதிய விதிகள், பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே வைக்கின்றன. எனவே பழசைப் புதுசு வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

நண்பர்களே! நாம் லேபில் அன்றாடம் தொடும் மல்டிமீட்டர் வெளியில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை ரெக்கார்டு நோட்டில் மார்க் வாங்க மட்டும் பயன்படுத்தாமல், உங்கள் தெருவில் வண்டி ஓட்டும் ஒருவருக்காவது இந்தக் கோடைக்குள் பேட்டரியை அளந்து சொல்லுங்கள். நம் படிப்பு பக்கத்து வீட்டுக்கும் பயன்பட வேண்டும் என்பதே என் பணிவான வேண்டுகோள்.