உப்புநீர்த் தொட்டியில் நுரைப் பிரிப்பான்: அமைப்பும் பழுது நீக்கலும்

கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்ப்போர் எதிர்ப்படும் இடர்களுள் தலையாயது நீர் கெடுதல் ஆகும். மீன் உண்ணாது விட்ட இரை, அதன் கழிவு, உடலினின்று கழலும் கோழை ஆகியவை நீரில் கரைகின்றன. பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைக்க, நஞ்சாகிய அம்மோனியா பிறக்கிறது. பரந்த கடலில் இக்கழிவு இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். 200 லிட்டர் கொள்ளும் தொட்டியிலோ அதற்குப் போக்கிடம் இல்லை. சிதைவதற்கு முன்னரே இப்பொருள்களை நீரினின்று வெளியேற்றும் சாதனமே நுரைப் பிரிப்பான் ஆகும். கடைகளில் இதனைப் 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்று கேட்டால்தான் கிடைக்கும். புரதத்தை மட்டுமே பிரிக்கும் கருவி என்னும் மயக்கத்தை அப்பெயர் உண்டாக்குகிறது. கொழுப்பு முதலிய பிற கரிமப் பொருள்களும் நுரையோடு வெளியேறுவதால், செயலைச் சுட்டும் பெயரையே இங்கு கையாள்கிறோம்.

இதன் தத்துவம் எளியது. கழிவிலுள்ள கரிமப் பொருள்கள் பலவற்றின் மூலக்கூறுகளில் ஒரு பகுதி நீரை நாடும். மற்றொரு பகுதி நீரை விட்டு விலகும். அத்தகைய மூலக்கூறு நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையை அடைந்ததும், நீரை நாடும் பகுதியை நீரிலும் மற்றதைக் காற்றிலும் வைத்து அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே நீரினுள் காற்றுக் குமிழிகளை ஏராளமாகச் செலுத்தினால், அவற்றின் மேற்பரப்பில் கழிவு படிந்து, குமிழிகளோடு மேலெழுந்து நுரையாகத் திரளும். அந்நுரையைத் தனிக் கிண்ணத்தில் வடித்துவிட்டால் நீர் தூய்மையுறும். புயலுக்கு மறுநாள் கடற்கரையில் ஒதுங்கும் பழுப்பு நுரை பெரும்பாலும் இவ்வாறு உண்டாவதே. இராஜஸ்தானத்துக் கேத்ரியில் செம்புத் தாதுவைக் கல்லினின்று பிரிப்பதற்குக் கையாளப்படும் நுரை மிதப்பு முறையும் இதற்கு நெருங்கிய உறவினது.

குமிழி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நன்று. ஒரு கன சென்டிமீட்டர் காற்று ஒரே குமிழியாக இருப்பின் அதன் மேற்பரப்பு 5 சதுர சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதே காற்றை ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாகப் பகுத்தால் சுமார் 1,900 குமிழிகள் கிடைக்கும்; அவற்றின் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் குமிழிகளாயின் 120. நன்னீரில் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று கூடி விரைவில் பெரியனவாகிவிடும். கடல்நீரிலுள்ள உப்பு அவ்வாறு கூடாமல் தடுக்கிறது. நன்னீர்த் தொட்டிகளில் இக்கருவி சரிவரப் பயன்படாமைக்கு இதுவே முதற்காரணம்.

பழைய கருவிகளில் மென்மரக் கட்டையின் நுண்துளைகள் வழியே காற்றைச் செலுத்தினர். பின்னர் இடை சிறுத்த குழாயில் நீரை விரைந்து பாய்ச்சி, அவ்விரைவினால் காற்றை உள்ளிழுக்கும் முறை வந்தது. இன்று விற்பனைக்கு வருபவற்றுள் பெரும்பான்மையானவை ஊசிச் சக்கரம் பூண்ட பம்பு உடையவை. பம்பின் சுழலியில் நெருக்கமாக அமைந்துள்ள ஊசிகள், குழாய் வழியே வரும் காற்றை நொறுக்கித் தூளாக்கி நீரோடு கலக்கின்றன.

கருவியை நிறுவுவதற்கு உகந்த இடம், காட்சித் தொட்டியின் அடியில் வைக்கப்படும் கீழ்த்தொட்டி ஆகும். இங்கு முதன்மையாகக் கவனிக்க வேண்டுவது நீர்மட்டம். கருவி நிற்கும் ஆழம் பொதுவாக 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கும்; தயாரிப்பாளர் குறித்துள்ள ஆழமே கொள்ளத்தக்கது. நீர் அதனினும் ஆழமாக இருப்பின் துளையுள்ள பிளாஸ்டிக் பலகையை அடியில் இட்டுக் கருவியை உயர்த்தலாம். இம்மட்டம் நாள்தோறும் மாறாதிருத்தல் வேண்டும். நம் நாட்டுக் கோடையில் ஆவியாகும் நீர் மிகுதி. காலையில் சரியாக வைத்த கருவி மறுநாள் நுரையே தராது நிற்பதும், நன்னீர் ஊற்றியவுடன் பொங்கி வழிவதும் இதனாலேயே. கீழ்த்தொட்டியில் தடுப்புக் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, நீர் அதன் விளிம்பைத் தாண்டி அடுத்த அறையில் விழுமாறு செய்து, தடுப்புக்கு முன்னுள்ள அறையில் கருவியை வைத்தால் மட்டம் நிலைத்து நிற்கும். ஆவியாவதால் நேரும் குறைவு அடுத்த அறையையே சாரும்.

மின்சாரம் கொடுக்கும் முன் வெளிப்போக்கு வால்வை முழுதும் திறந்து வைத்தல் வேண்டும். பம்பு ஓடத் தொடங்கிய பின் வால்வைச் சிறிது சிறிதாக மூடினால் கருவியினுள் நீர்மட்டம் உயரும். குமிழி நிறைந்த நீர் முடிந்து நுரை தொடங்கும் எல்லைக்கோட்டைக் கண்ணால் காணலாம். அக்கோடு நுரைக்கிண்ணத்துக் கழுத்தின் அடிப்பகுதியில் நிற்குமாறு அமைப்பது தொடக்கத்திற்குப் பொருத்தம். கோடு உயர்ந்தால் தேநீர் நிறத்தில் நீர்த்த கழிவு மிகுதியாகச் சேரும். தாழ்ந்தால் கரும்பழுப்பு நிறத்தில் கெட்டியான கழிவு சிறிதளவே சேரும். இரண்டும் ஏற்கத்தக்கவையே. மீன் மிகுந்த தொட்டிக்கு நீர்த்த நுரை மேல்.

புதுக்கருவியை வாங்கியோர் பெரும்பாலும் இக்கட்டத்தில் பொறுமை இழக்கின்றனர். செய்யும்போது உட்சுவரில் படிந்த எண்ணெய்ப்பசை நீங்கும் வரை கருவி ஒழுங்காக இயங்குவதில்லை. சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகக்கூடும். வினிகர் கலந்த நீரில் சில மணி நேரம் ஓட்டி, நன்கு அலசி நிறுவினால் இக்காலம் குறையும். இரண்டொரு மீன்களே உள்ள புதுத் தொட்டியில் பிரித்தெடுப்பதற்குக் கழிவே இராது. அங்கே கிண்ணம் வறண்டிருப்பது குறையன்று. ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் வால்வைத் தொடாதிருத்தல் நலம். மணிக்கொரு தரம் திருப்புவோர் தாம் செய்த எம்மாற்றத்தால் எவ்விளைவு நேர்ந்தது என்று அறியவே இயலாது.

நன்றாக ஓடிவந்த கருவி நுரை தருவதை நிறுத்தினால் முதலில் காற்றுக்குழாயைப் பார்க்க வேண்டும். அதன் வாயில் உப்புப் பொருக்கு கட்டி வழியை அடைத்துவிடும். வெதுவெதுப்பான நன்னீரைச் சிறிது உறிஞ்சச் செய்தால் கரைந்து போகும். காற்று வழி சரியாயிருந்தும் குமிழிகள் பெருத்துக் காணப்பட்டால் ஊசிச் சக்கரத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கும். பம்பின் மின்தொடர்பை நீக்கி, சுழலியைக் கழற்றி வினிகரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் தேய்க்கலாம். கழுத்தின் உட்புறத்தில் வழுவழுப்பான அழுக்கு படிந்தால் நுரை ஏறமாட்டாமல் உடைந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை துடைத்தல் இன்றியமையாதது. கொழுப்பு மிக்க இரை இட்ட பின்னும், தொட்டியினுள் கையிட்ட பின்னும் சில மணி நேரம் நுரை அடங்கியிருப்பது இயல்பு. எண்ணெய் நுரையைக் கொல்லும் என்பது சமையலறை அறிந்த செய்திதானே.

இதற்கு மாறாகக் கருவி திடீரெனப் பொங்கி வழிவதும் உண்டு. குழாய்நீரின் குளோரினைப் போக்கச் சேர்க்கும் சில மருந்துகள், கற்களை ஒட்டும் எப்பாக்சிப் பசை, நன்கு கரையாத புது உப்புநீர், கழுவிய பாத்திரத்தில் எஞ்சிய சோப்பு ஆகியவை காரணமாகலாம். வால்வை முழுதும் திறந்து, ஓரிரு நாள் பொறுத்தால் பெரும்பாலும் அடங்கும். கிளர்வூட்டிய கரியை நீரோட்டத்தில் வைப்பதும் உதவும். தரை நனைவதோடு இத்தீங்கு நின்றுவிடுவதில்லை. ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரைத் தானே நிரப்பும் அமைப்பு இருந்தால், இரவெல்லாம் கருவி உப்புநீரை வெளியே கொட்ட, அவ்வமைப்பு நன்னீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். 1.025 ஆக இருந்த நீரின் ஒப்படர்த்தி விடிவதற்குள் வெகுவாகத் தாழ்ந்துவிடும். மீன் ஓரளவு தாங்கினும், நட்சத்திர மீன், இறால் போன்றவை தாங்கமாட்டா. நன்னீர்க் கலத்தைச் சிறிதாக வைப்பதே தக்க காப்பு: ஓரிரு நாளில் ஆவியாகும் அளவுக்கு மேல் அதில் நீர் இருத்தல் ஆகாது.

கருவியின் வரம்பையும் அறிதல் வேண்டும். நீரில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட அம்மோனியாவையோ நைட்ரேட்டையோ இது நீக்காது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலார் கென் ஃபெல்ட்மன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீரிலுள்ள மொத்தக் கரிமக் கரியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையே இக்கருவிகளால் பிரிக்க முடிந்தது. எஞ்சியது நுரையில் ஒட்டாத இனத்தது. ஆதலின் பெருவிலைக் கருவி வாங்கியவரும் நீரை அவ்வப்போது பகுதி பகுதியாக மாற்றியே ஆகவேண்டும்.

மற்றொரு பணியையும் இக்கருவி ஓசையின்றிச் செய்து வருகிறது: நீருக்குப் பிராணவாயுவை ஊட்டுதல். 25 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் பிராணவாயுவையே ஏற்கும். 30 பாகையில் அது 6.2 ஆகக் குறையும். இரவில் பாசிகளும் பிராணவாயு தருவதில்லை. நோயுற்ற மீனுக்கு மருந்திடும்போது கருவி பொங்கும் என்று அஞ்சி அதனை நிறுத்துவோர், விடிகாலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாய்திறந்து தத்தளிப்பதையும், சில மடிந்து கிடப்பதையும் கண்டு மருந்தின் மேல் பழி சுமத்துவர். கருவியை நிறுத்த நேரிடின் காற்றுக்கல் ஒன்றைத் தொட்டியில் ஓடவிட வேண்டும். அன்றேல், நுரைக்கிண்ணத்தை மட்டும் கழற்றிவிட்டு, பொங்கும் நீர் கீழ்த்தொட்டியிலேயே விழுமாறு கருவியை ஓடவிடலாம். கழிவு பிரியாது, காற்று கிடைக்கும். மின்தடை மிகுந்த ஊர்களில் மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பைக் கைவசம் வைத்திருத்தல் நலம். தடை நீங்கி மின்சாரம் வரும் வேளையில், மேல்தொட்டியிலிருந்து வடிந்த நீரால் கீழ்த்தொட்டி நிறைந்திருக்கும்; அந்நிலையில் கருவி சில நிமிடங்கள் பொங்கி வழியக்கூடும். அம்மட்டம் தணியும் வரை காத்திருந்து கருவியின் பம்பை இயக்குவது போதுமானது.