கடைக்குப் போன பய திரும்பி வந்தானா?

‘முடிந்தது... முடிந்தது... முடிந்தது...’

லேப்டாப் ஸ்க்ரீனில் இப்படி 46 தடவை வந்தது. நானும் ஃப்ரெண்டும் சந்தோஷமா தூங்கப் போனோம். காலையில் எழுந்து பார்த்தால் 46 பக்கமும் காலி. ஒரு எழுத்துகூட இல்லை. சரி, திரும்ப ஓட்டிக்கலாம்னு பார்த்தால் மூலப் படங்களையும் காணோம்! அழிச்சது யார்? வைரஸா? இல்லை பாஸ்... நாங்க எழுதின புரோகிராமேதான்.

ஊர் நாகலாபுரம். கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் பக்கம். மிளகாயும் பருத்தியும் உளுந்தும் மல்லியும் விளையும் கரிசல் காடு. எங்க தெருவில் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட அட்டை போன பழைய புத்தகம் ஒண்ணு. சுத்துப்பட்டு ஊர்க் கதைகள், 112 பக்கம். அதை அச்சடிச்ச பிரஸ்ஸே இப்போ கிடையாது. ஓரத்தை எல்லாம் கரையான் பதம் பார்த்திருந்தது. “கோயம்புத்தூர்ல மக வீட்டுக்குப் போறேம்ப்பா, வர மூணு மாசம் ஆகும். போட்டோ எடுக்கணும்னா ரெண்டு நாள்ல எடுத்துட்டுக் குடுத்துரு”ன்னார். எடுத்தோம், கொடுத்தோம். சாரும் புத்தகமும் பஸ் ஏறிட்டாங்க.

படத்தில் இருக்கும் எழுத்தைக் கம்ப்யூட்டர் படிச்சு டைப் பண்ணித் தருவதற்குப் பேர்தான் ஓ.சி.ஆர். அதுக்கு டெஸராக்ட்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. ஹெச்.பி. கம்பெனியில் 1985ல் ஆரம்பிச்சது, 2005ல் ஓப்பன் சோர்ஸ் ஆச்சு. தமிழும் படிக்கும். அதை நாம திரும்ப எழுத வேண்டியதில்லை. நம்ம பைத்தான் புரோகிராமுக்குள் இருந்து ‘ஏய் டெஸராக்ட், இந்தப் படத்தைப் படி’ன்னு ஒரு கட்டளை கொடுத்தா போதும். ஒரே வரி! இதைத்தான் ஒரு புரோகிராமுக்குள் இருந்து வெளிக் கட்டளையை ஓட்டுறதுன்னு சொல்றாங்க.

இது சின்னப் பசங்க செய்ற குறுக்கு வழின்னு நினைச்சுடாதீங்க. முதல் வருஷ லேப்ல ‘ஜி.சி.சி.’ன்னு அடிச்சு சி புரோகிராமை கம்பைல் பண்றோமே, அந்த ஜி.சி.சி. தானா எல்லா வேலையும் செய்யுது? ஒரு தடவை ‘மைனஸ் வி’ போட்டு ஓட்டிப் பாருங்க, குட்டு வெளிப்படும். கம்பைல் பண்ண ஒரு ஆள், அசெம்பிள் பண்ண ஒரு ஆள், லிங்க் பண்ண ஒரு ஆள்னு அது வரிசையா வேற புரோகிராம்களைக் கூப்பிட்டு வேலை வாங்குது.

எங்களுக்கு இந்த ஐடியா வந்த இடமும் அப்படித்தான். தமிழ் விக்கிமூலம் தெரியுமா? காப்புரிமை இல்லாத பழைய புத்தகங்களை யார் வேணும்னாலும் படிக்கிற மாதிரி எழுத்தாக ஏத்தி வைக்கிற தளம். அங்கே ஸ்கேன் பண்ணின பக்கங்களை ஆளுங்க கையால் டைப் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. கணியம் இதழை நடத்தும் த.சீனிவாசன் 2015ல் ஒரு பைத்தான் புரோகிராம் எழுதி, கட்டற்ற மென்பொருளா வெளியிட்டார். புத்தகத்தை இறக்குறது, பக்கம் பக்கமா வெட்டுறது, ஒவ்வொரு பக்கத்தையும் கூகுள் டிரைவுக்கு அனுப்பி எழுத்தா மாத்தி வாங்குறது, அதை விக்கிமூலத்தில் ஏத்துறது... இதில் முக்கால்வாசி வேலை ஏற்கனவே இருக்கிற கட்டளைகளைக் கூப்பிட்டு வாங்குறதுதான். மேஸ்திரி கரண்டியைத் தொடாம, ஆள் விட்டே வீடு கட்டி முடிக்கிற மாதிரி!

ஆனா ஆள் விடுறது வேற, ஆளை மேய்க்கிறது வேற. நாங்க கோட்டை விட்டது ரெண்டாவதில்.

இடையில் ஒரு புரோக்கர்

முதல் 66 பக்கம் நான் எடுத்தது. படங்களுக்கு ‘பேஜ்1’, ‘பேஜ்2’னு இடைவெளி இல்லாம பேர் வெச்சிருந்தேன். மீதி 46 பக்கத்தை எடுத்த ஃப்ரெண்டுக்குத் தமிழ்ப் பற்று அதிகம். ‘பக்கம் 67’, ‘பக்கம் 68’னு வெச்சுட்டான். நடுவில் ஒரு ஸ்பேஸ். அவ்வளவுதான் மேட்டர்!

பைத்தானில் ‘ஓ.எஸ். சிஸ்டம்’னு ஒரு வசதி இருக்கு. அதில் ஒரு கட்டளையை எழுதினா அது நேரா டெஸராக்டுக்குப் போகாது. நடுவில் ஷெல்னு ஒரு புரோக்கர் உட்கார்ந்திருப்பார். அவர் ஸ்பேஸ் வர்ற இடத்தில் எல்லாம் வரியை வெட்டுவார். ‘பக்கம் 67’ அவர் கையில் ரெண்டு துண்டு. முதல் துண்டு ‘பக்கம்’; அதைப் படத்தோட பேர்னு டெஸராக்ட் எடுத்துக்கிச்சு. ரெண்டாவது துண்டு ‘67’. அது பதிலை எழுதி வைக்கிற ஃபைலோட பேர். ‘பக்கம்’னு ஒரு படமே இல்லையே? ‘படம் இல்லை’ன்னு சொல்லிட்டு டெஸராக்ட் செத்துப்போச்சு.

சொன்னது எங்க காதில் விழுந்திருக்கணுமே? அங்கேதான் ரெண்டாவது கூத்து. லினக்ஸில் எந்தக் கட்டளைக்கும் ரெண்டு வாய். ஒண்ணு பதில் சொல்ற வாய், இன்னொண்ணு புலம்புற வாய். ‘ஸ்க்ரீன்ல கண்டபடி வருது, அசிங்கமா இருக்கு’ன்னு அந்தப் புலம்பலைக் குப்பைத் தொட்டிக்குத் திருப்பி விட்டிருந்தோம். அழகு முக்கியம் இல்லையா!

அடுத்த வரி ‘முடிந்தது’ன்னு பிரிண்ட் பண்ணச் சொல்லுது. அதுக்கு அடுத்த வரி, ‘படத்தை அழி’. லேப்டாப்பில் இடம் இல்லைன்னு நாங்களே சேர்த்தது. அழிக்கிற வேலையை பைத்தான் யாரையும் அனுப்பாம தானே செஞ்சது. அதுக்கு ஸ்பேஸ் ஒரு பிரச்னையே இல்லை. சரியா பேரைப் பிடிச்சு, சரியா 46 படத்தையும் அழிச்சது. ஃபோனிலும் காப்பி இல்லை. இடம் பத்தாம கட் பண்ணித்தான் பேஸ்ட் பண்ணியிருந்தோம்.

கடைக்குப் பயலை அனுப்புறீங்க. அவன் திரும்பி வந்தானா, கையில் சாமான் இருக்கான்னு பார்க்காமலே வீட்டில் இருக்கிற பழைய சீனி டப்பாவைக் கவிழ்ப்பீங்களா? நாங்க கவிழ்த்தோம்.

அனுப்பின ஒவ்வொரு கட்டளையும் சாகும்போது ஒரு நம்பரைக் கையில் கொடுத்துட்டுத்தான் போகும். அதுக்கு எக்ஸிட் கோட்னு பேர். 0 வந்தா வேலை முடிஞ்சது. வேற எது வந்தாலும் ஏதோ வில்லங்கம். ஷெல் 127னு சொன்னா அப்படி ஒரு கட்டளையே இல்லைன்னு அர்த்தம். 137 வந்தா யாரோ 9ஆம் நம்பர் சிக்னல் அனுப்பிக் கொன்னுட்டாங்க (128 + 9). பெரும்பாலும் மெமரி தீர்ந்து போய் சிஸ்டமே போட்டுத் தள்ளியிருக்கும். இதில் ஒரு சின்ன வம்பு. லினக்ஸில் ‘ஓ.எஸ். சிஸ்டம்’ இந்த நம்பரை அப்படியே தராது. 1க்குப் பதிலா 256ன்னு காட்டும். நாங்க பார்த்திருந்தா அதைப் பார்த்தும் குழம்பியிருப்போம், அது வேற கதை.

எங்க தப்பு 46 பக்கத்தோட போச்சு. இதே மாதிரி ஒரு தப்பு உலகத்தையே ஆட்டியிருக்கு. இமேஜ்மேஜிக்னு படங்களை மாத்துற, சுருக்குற மென்பொருள் ஒண்ணு உண்டு. எக்கச்சக்கமான வெப்சைட்கள் பயன்படுத்தினது. தனக்குத் தெரியாத வேலைகளை அது வெளிக் கட்டளைகளை அனுப்பித்தான் முடிக்கும். 2016 மே மாசம் குட்டு உடைஞ்சது. வெளியில் இருந்து வர்ற முகவரியை அது ஒழுங்கா வடிகட்டாம அப்படியே ஷெல் புரோக்கரிடம் நீட்டிக்கிட்டு இருந்தது. படம் மாதிரி ஒரு ஃபைலைத் தயார் பண்ணி, அதுக்குள் ஒரு கட்டளையை ஒளிச்சு அப்லோடு பண்ணினா போதும்... சர்வர் அதை ஓட்டிடும்! ‘இமேஜ்டிராஜிக்’னு கிண்டலா பேர் வெச்சாங்க. அதுக்கப்புறமும் ஃபேஸ்புக்கில் அந்த ஓட்டை இருந்ததைக் கண்டுபிடிச்சுச் சொன்ன ஆண்ட்ரூ லியோனோவுக்குக் கிடைச்ச பரிசு 40,000 டாலர். எங்களுக்கு ஸ்பேஸ் செஞ்ச வேலையை அங்கே அரைப்புள்ளியும் மேற்கோள் குறியும் செய்யும். ஷெல்லுக்கு அரைப்புள்ளின்னா ‘அடுத்த கட்டளை ஆரம்பம்’னு அர்த்தம்.

வழி என்ன? புரோக்கரைக் கழட்டி விடுறதுதான். பைத்தானில் ‘சப்பிராசஸ்’னு ஒரு மாட்யூல் 2004லேயே வந்துருச்சு. அதில் ‘ரன்’ங்கிற வசதி 2015ல் சேர்ந்தது. கட்டளையை ஒரே வரியா கொடுக்காம, லிஸ்ட்டா கொடுக்கணும். முதல் உருப்படி டெஸராக்ட், ரெண்டாவது படத்தோட பேர், மூணாவது பதில் ஃபைல். ஷெல் நடுவிலேயே வராது. பேருக்குள் ஸ்பேஸ் இருந்தாலும், அரைப்புள்ளி இருந்தாலும், ஃப்ரெண்டோட தமிழ்ப் பற்றே இருந்தாலும், ஒரு உருப்படி ஒரு உருப்படியாவே போய்ச் சேரும். அதோட ‘செக்’னு ஒண்ணை ஆன் பண்ணினா, 0 வராத பட்சத்தில் புரோகிராம் அங்கேயே சண்டை போட்டு நிக்கும். அடுத்த வரிக்கு, அதாவது அழிக்கிற வரிக்கு, போகவே போகாது.

நீங்க முதல்ல... இல்ல, நீங்க முதல்ல!

சார் ஊரில் இல்லாத அந்த மூணு மாசம், இருந்த 66 பக்கத்தை வெச்சுத்தான் புரோகிராமைத் திருத்திக்கிட்டு இருந்தோம். ஒரு நாள், எல்லாப் பக்கத்தையும் ஒரே கட்டளையில் கொடுத்து, பதிலை ஃபைலில் எழுதாம நேரா குழாய் வழியா எங்க புரோகிராமுக்கே வர வெச்சோம். ஓடுச்சு... நின்னுடுச்சு. எரரும் இல்லை, முடியவும் இல்லை. ஃபேன் சத்தம்கூட அடங்கிப்போச்சு.

விஷயம் இதுதான். லினக்ஸில் அந்தக் குழாய் வழக்கமா 65,536 பைட்தான் தாங்கும். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொண்ணுக்கும் 3 பைட். அதனால் ஆங்கிலத்தைவிட நமக்குச் சீக்கிரமே நிறைஞ்சுடும். நிறைஞ்ச குழாயில் யாராவது மறுமுனையில் எடுத்தாத்தான் டெஸராக்டால் மேற்கொண்டு எழுத முடியும். நாங்களோ ‘நீ முதல்ல வேலையை முடி, அப்புறம் எடுத்துக்கிறேன்’னு எழுதி வெச்சிருந்தோம். அது எங்களுக்காகக் காத்திருக்க, நாங்க அதுக்காகக் காத்திருக்க... காத்திருக்கும்போதே பதிலை எடுத்துக்கிட்டே இருக்கணும். அதுக்கு ‘கம்யூனிகேட்’னே ஒரு வசதி இருக்கு. கூடவே டைம் அவுட்டும் வெச்சோம். ரெண்டு நிமிஷத்தில் ஒரு பக்கம் முடியலைன்னா ஆளைக் காலி பண்ணிட்டு அடுத்த பக்கம்.

காலி பண்றதிலும் ஒரு சங்கதி இருக்கு. ஷெல் நடுவில் இருந்தா, நாம கொல்றது சில சமயம் புரோக்கரை மட்டும்தான். அவர் அனுப்பின ஆள் பாட்டுக்குப் பின்னாடி ஓடிக்கிட்டே இருப்பார். இன்னொரு பக்கம், வேலை முடிஞ்சு செத்த பிராசஸோட எக்ஸிட் கோடை நாம வாங்கிக்கலைன்னா, அது லிஸ்ட்டில் ‘இசட்’ங்கிற எழுத்தோட தொங்கும். ஜோம்பி! ஆள் போயாச்சு, சர்டிபிகேட் வாங்க வாரிசுதான் வரலை.

சரி, வேகமா முடிக்கலாமேன்னு ஒரே நேரத்தில் நாலு டெஸராக்டை விட்டோம். நாலு கோர் லேப்டாப், நாலு ஆள், கணக்கு சரிதானே? முன்னைவிட மெதுவா ஆச்சு! ஒவ்வொரு டெஸராக்டும் தனக்குள் நாலு த்ரெட் வரைக்கும் கிளப்பும். ஆக 16 பேர் நாலு நாற்காலிக்கு அடிச்சுக்கிட்டாங்க. ‘ஓ.எம்.பி. த்ரெட் லிமிட்’ங்கிற சூழல் மாறியை 1ன்னு வெச்சு அனுப்பினதும் சண்டை தீர்ந்தது. நாம அனுப்புற ஆள் நம்ம வீட்டுச் சூழலையும் சேர்த்தே எடுத்துக்கிட்டுப் போறான்ங்கிறது அன்னைக்குத்தான் உறைச்சது.

மூணு மாசம் கழிச்சு சார் வந்தார். நடந்ததைச் சொன்னோம். கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசலை. அப்புறம் டிரங்குப் பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கரையான் இன்னும் ரெண்டு தாளுக்குள் புகுந்திருந்தது. அங்கேயே, அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து 46 பக்கத்தையும் திரும்ப எடுத்தோம். இந்தத் தடவை படங்கள் ரெண்டு பென்டிரைவில் போன பிறகுதான் புரோகிராமையே ஓட்டினோம். அழிக்கிற வரியைத் தூக்கியாச்சு.

ராத்திரி சார் எட்டிப் பார்த்தார். “என்னப்பா, எல்லாம் வந்துருச்சா?”

“இல்ல சார், 44தான் வந்திருக்கு. 81ம் 82ம் வரலை.”

கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். கரையான் தின்ன தாள். ஓட்டைக்கு நடுவில் விட்டுப்போன சொற்களை அவர் ஞாபகத்தில் இருந்து சொல்லச் சொல்ல, ஃப்ரெண்டு டைப் அடிக்க ஆரம்பிச்சான்.