விட்ட நாள்களை எண்ணி வையுங்கள்



கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகே அமைந்துள்ள ஊர் வடக்கனந்தல். நெல்லும் கரும்பும் விளையும் பூமி அது. பக்கத்துக் கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உண்டு. அரிசிக்கும் சர்க்கரைக்கும் குறைவில்லாத அந்த வட்டாரத்தில், உணவைக் குறைக்குமாறு மருத்துவரால் அறிவுறுத்தப்பட்ட சகோதரர் ஒருவர், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்து அமர்ந்தார். மளிகைக் கடை நடத்துபவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். அவர் கேட்டது மார்க்கச் சட்டம் பற்றிய கேள்விதான். ஆனால் அக்கேள்விக்கு அடியில் ஓர் அச்சம் படிந்திருந்தது.

அவருடைய தந்தையார் சர்க்கரை நோயால் ஒரு காலின் பாதத்தை இழந்து, கடைசி ஆறாண்டுகள் நாற்காலியில் அமர்ந்தே தொழுதவர். மகனுக்கும் இரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது. எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ரமளானிலேயே தொடங்கினார். ஷவ்வால் ஆறு நோன்பையும் நோற்றார். பின்னர் இரவில் அரை வயிறு, தேநீரில் சர்க்கரை இல்லை, பஜ்ருத் தொழுகைக்குப்பின் அணைச் சாலையில் நடை என்று இரண்டு மாதம் வழுவாமல் ஒழுகினார். நான்கு கிலோ குறைந்தது. அந்த மகிழ்ச்சியில், 'அல்லாஹ்வின் மீது ஆணையாக இனிப் பிரியாணியைத் தொடமாட்டேன்' என்று வீட்டார் முன்னிலையில் சத்தியம் வேறு செய்துவிட்டார்.

வந்தது பெருநாள். குர்பானி இறைச்சி வந்தது. அதே வாரத்தில் கள்ளக்குறிச்சியில் தங்கை மகனின் நிக்காஹ்; மறுநாள் வலீமா. தாய்மாமன் உண்ணாமல் இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று உண்டார். உண்டபின், சத்தியம்தான் முறிந்துவிட்டதே, இனி என்ன இருக்கிறது என்று மறுநாளும் உண்டார். அதற்கு மறுநாளும் உண்டார். நடையும் நின்றது. மருத்துவர் எடை பார்ப்பாரே என்ற வெட்கத்தால் குறித்த நாளில் அவரிடம் போகவுமில்லை.

'ஹஜ்ரத், முறிந்த சத்தியத்துக்கு மூன்று நோன்பு நோற்றால் போதுமல்லவா? எடையும் குறையுமே!' என்றார்.

அவருடைய ஆவலைக் கண்டு நான் சிரித்துவிட்டேன். சத்திய முறிவுக்குரிய பரிகாரத்தைத் திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் வகுத்துரைக்கிறது. பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது, அல்லது பத்து ஏழைகளுக்கு உடையளிப்பது, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்வது. இவற்றுக்கு வசதியில்லாதவருக்கே மூன்று நாள் நோன்பு. ஹனஃபி மத்ஹபின்படி அம்மூன்றும் தொடர்ச்சியாக அமைய வேண்டும். நம் மக்களில் பலர், கையில் வசதி இருந்தும் நேரே நோன்புக்குத் தாவிவிடுகிறார்கள். அது செல்லாது. கடை வைத்திருப்பவர் பத்துப் பேருக்கு இருவேளை வயிறார உணவளிக்கத்தான் வேண்டும் என்று சொன்னேன். அவர் முகம் சற்று வாடியது.

இவ்வகைச் சத்தியங்களைச் செய்யாதிருப்பதே நன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியரின் மனநிறைவுக்காகத் தேனைத் தமக்கு விலக்கிக்கொண்டதையொட்டி அத்தஹ்ரீம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பெற்றதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அல்லாஹ் ஆகுமாக்கியதை ஒருவர் தமக்குத்தாமே தடுத்துக்கொள்வது ஏன் என்று வஹீ வினவியது. அளவைக் குறைப்பது வேறு. ஆணையிட்டு அடியோடு விலக்குவது வேறு. அடியோடு விலக்கியவர் ஒரு கவளத்தில் தோற்றுவிடுகிறார். அளவைக் குறைத்தவருக்கோ ஒரு கவளம் ஒரு கவளம்தான்.

சத்தியத்துக்குப் பரிகாரம் கூறியாயிற்று. நின்றுபோன நடைக்கும், குலைந்துபோன உணவு முறைக்கும் என்ன வழி? இங்கேதான் நம் மத்ரஸாக்களில் நோன்பின் பாடத்தில் ஓதிக்கொடுக்கப்படும் ஒரு சட்டத்தை அவருக்கு நினைவூட்டினேன். ரமளான் பகலில் ஒருவர் தக்க காரணமின்றி நோன்பை முறித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய நோன்பு போயிற்று. அப்படியானால் மாலைவரை விரும்பியதை உண்ணலாமா? கூடாது. மஃரிப் வரை அவர் உண்ணாமலும் பருகாமலும் அடங்கியிருக்க வேண்டும். இதனை இம்ஸாக் என்பார்கள். நண்பகலில் நேர்ந்த பிழை, பிற்பகலுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. மறந்து உண்டவரின் நிலை இன்னும் எளிது. நினைவு வந்த கணத்தில் நிறுத்திக்கொண்டு நோன்பைத் தொடர வேண்டியதுதான். அவருடைய நோன்பு முறிவதே இல்லை.

உடல் மெலிவதற்காக மேற்கொள்ளும் உணவு முறை கடமையான நோன்பாகிவிடாது. இரண்டையும் ஒன்றாக்கி நான் தீர்ப்புக் கூறவில்லை. ஆயினும் மனிதனைப் படைத்தவன் அவனுடைய சறுக்கலை எவ்வாறு கையாளக் கற்றுத் தருகிறான் என்பதை எண்ணிப் பாருங்கள். வலீமாவில் உண்டவருக்கு உண்மையில் கெட்டது ஒருவேளை உணவு மட்டுமே. நான்கு கிலோவையும் தின்று தீர்க்க ஒரு தட்டுப் பிரியாணியால் இயலாது. அதன்பின் வந்த பத்து நாள் மனத்தளர்ச்சிதான் அதனைச் செய்தது. 'வரும் சனிக்கிழமை தொடங்கலாம்', 'பிறை பிறக்கட்டும்' என்று தவணை சொல்கிறோமே, அந்தத் தவணைக் காலத்தில்தான் எடை ஏறுகிறது.

இந்த வகையில் என் உள்ளத்தை எப்போதும் தொடும் வரலாறு ஒன்றுண்டு. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் இளமையில் நாள்தோறும் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கி வந்தார்கள். செய்தி பெருமானாரின் செவிக்கு எட்டியது. உடலுக்கும், கண்ணுக்கும், மனைவிக்கும் உரிமைகள் உண்டென அவருக்கு உணர்த்தி, மாதத்தில் மூன்று நாள் நோற்குமாறு அண்ணலார் அறிவுறுத்தினார்கள். 'இன்னும் என்னால் இயலும்' என்றார் இளைஞர். சிறிது கூட்டிக் கொடுக்கப்பட்டது. மீண்டும், 'இயலும்' என்றார். முடிவில் தாவூத் (அலை) அவர்களின் நோன்பான ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதில் வந்து நின்றது. காலம் ஓடியது, முதுமை வந்தது, எலும்பு தளர்ந்தது. அண்ணலார் முதலில் தந்த சலுகையை ஏற்றிருக்கலாகாதா என்று அந்த நபித்தோழர் ஏங்கியதை ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம்.

ஆனால் அவர் ஏக்கத்தோடு நின்றுவிடவில்லை. உடலில் வலுக் குன்றும்போது சில நாள்கள் தொடர்ந்து நோன்பின்றி உண்டு தெம்பு பெறுவார். அந்நாள்களை எண்ணி வைப்பார். வலு வந்தபின் அதே எண்ணிக்கையை நோற்று நிறைவு செய்வார். பெருமானாரைப் பிரிந்தபோது தாம் இருந்த வழக்கத்தைக் கைவிட அவருக்கு மனமில்லை. விட்டுவிட்டோமே என்று வெதும்பாமல், எத்தனை விட்டோம் என்று கணக்கெழுதிய அந்த முதியவரை நம் மளிகைக் கடைக்காரருக்கு அறிமுகம் செய்தேன். கணக்கெழுதுவது அவருக்குத் தெரிந்த தொழிலாயிற்றே!

ஓர் எச்சரிக்கை தேவை. விட்ட நடையை எண்ணி வைத்துத் திருப்பலாம்; உண்ட உணவைப் பட்டினியால் திருப்ப முயலாதீர்கள். நேற்று மிகுதியாக உண்டோம் என்று இன்று முழுப்பட்டினி கிடப்பவர், இரவில் பானையை வழித்துவிடுவார். இடையில் உண்ணாமல் நாள்களை இணைத்து நோற்கும் விஸால் நோன்பையே தம் தோழர்களுக்கு வேண்டாமென்று தடுத்தவர்கள் நம் நபிமணி. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், திங்கள், வியாழன் நஃபில் நோன்பைக்கூட மருத்துவரைக் கலந்தே நோற்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிழும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தாமாக எடைக் குறைப்பில் இறங்கவே வேண்டாம்.

வயிற்றின் மூன்று பங்கு பற்றிய நபிமொழி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். மிக்தாம் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீயில் வரும் அச்செய்தியில் நாம் கவனியாது விடும் ஒரு நுட்பம் இருக்கிறது. அதில் முதலில் சொல்லப்படுவது, முதுகை நிமிர்த்தி நிறுத்தும் சில கவளங்களே போதும் என்பது. அதற்குமேல் உண்டே ஆகவேண்டுமானால்தான், உணவுக்கு ஒன்று, நீருக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று என்ற பங்கீடு. முதற்படியில் நிற்க இயலாதவருக்கு இரண்டாம் படியை அண்ணலாரே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். சறுக்கியவர் தரையில் விழாமல் நிற்கத்தக்க அந்த இரண்டாம் படி நம் உணவு முறையிலும் முன்கூட்டியே இருக்கட்டும். விருந்து நாளா? பிரியாணி ஒரு சிறு தட்டு. தயிர்ப் பச்சடியும் கத்தரிக்காயும் தாராளமாக. பிரட் அல்வா வேண்டாம். விருந்துக்கு அழைத்தால் செல்லவேண்டும். சென்றபின் உண்பதும் விடுவதும் நம் விருப்பம் என்பது முஸ்லிம் நூலில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. பெருமானார் எந்த உணவையும் குறைகூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். தாய்மாமன் வந்து அமர்ந்து, துஆ செய்து, சிறிதே உண்டு எழுந்தால் எந்தச் சம்பந்தியும் கோபிக்கமாட்டார்.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு சொல். பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றை, வீண்விரயம் பாவமாயிற்றே என்று தாங்களே உண்டு முடிக்கிறீர்கள். இரவில் பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவும்போது நடக்கும் இந்த உணவு யார் கணக்கிலும் வருவதில்லை. தட்டைத் துடைத்து உண்பது நபிவழிதான்; ஆனால் அது தட்டில் போடும்போதே அளவாகப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தோடு சேர்ந்த நபிவழி. அரைப்படி குறைத்து உலையில் இடுங்கள். எஞ்சியதை மறுநாளைக்கோ அண்டை வீட்டுக்கோ ஆக்குங்கள். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். நம் மஹல்லாக்களில் வலீமா மண்டபத்தின் வாயிலில் சற்று நேரம் நின்று பார்த்தால் இந்த எண்ணிக்கை யாருக்கும் வியப்பளிக்காது.

எடை இறங்கவில்லையே என்று சலித்து விட்டுவிடுபவர்களுக்காகச் சென்னையிலிருந்து ஒரு செய்தி. நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர் மூன்றாண்டுகள் கண்காணித்து, 2006 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். உணவைச் சீராக்கி, நடையை வழக்கமாக்கியவர்களிடையே நீரிழிவு தோன்றுவது, ஒன்றும் செய்யாதவர்களைவிட 28.5 விழுக்காடு குறைந்தது. வியப்பு என்னவெனில், அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை! தராசு அசையாத நாளிலும் உள்ளே ஏதோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. எனவே தராசோடு அங்குல நாடாவையும் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நலம்.

மலைமேல் விளையும் சாமையும் தினையும் நல்ல உணவே. இரவுச் சோற்றுக்குப் பதில் சாமைக் கஞ்சி பருகலாம். சாமைதானே என்று மூன்று குவளை பருகினால் அதற்கு நான் பொறுப்பல்ல.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் உண்டு. பயணமொன்றில் பெருமானார் அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள், அன்னையார் வென்றார்கள். ஆண்டுகள் கழிந்து, உடல் சதைபோட்டபின் மீண்டும் ஒரு பந்தயம். இம்முறை அண்ணலார் வென்றார்கள். அன்றைக்கு இன்று சரியாகிவிட்டது என்று வேடிக்கையாகக் கூறினார்கள். சதைபோட்டதற்காக ஒரு கடிந்துரையும் இல்லை. மனைவி உடல் பெருத்துவிட்டாள் என்று பிறர் முன்னிலையில் பரிகசிக்கும் கணவன்மார்கள் இதனைப் படிக்கட்டும். கூட நடக்க அழைப்பதில்தான் அன்பு இருக்கிறது.

முஹர்ரம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அச்சகோதரர் மீண்டும் வந்தார். பத்து ஏழைகளுக்கும் இருவேளை உணவளித்து முடித்திருந்தார். மருத்துவரிடமும் சென்று வந்தாயிற்று, அவர் திட்டவில்லையாம். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைக் காட்டினார். கடன் கணக்கு எழுதும் அதே கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன: விட்ட நடை 17, திருப்பியது 6.

'அஸருக்குப்பின் இன்னும் ஒன்று' என்று செருப்பைத் தேடினார்.