இணையத்துக்கு விதி வகுக்கும்போது விவசாயியும் கருத்து எழுதலாம்

செல்போன் இல்லாமல் இன்று விவசாயக் காரியம் பாதி நடப்பதில்லை. நெல் கொள்முதலுக்குப் பதிவு செய்வது, பயிர்க் காப்பீடு, சிட்டா நகல், மழை நிலவரம், சந்தை விலை எல்லாம் இணையத்தின் வழியாகவே வருகின்றன. போனில் பார்க்கத் தெரியாதவர் பிள்ளையிடமோ இ-சேவை மையத்திலோ கேட்டுக் கொள்கிறார். ஆகவே இணையத்துக்கு என்ன கட்டணம், நம் விவரம் யார் கைக்குப் போகிறது என்பவை வாய்க்கால் முறைத் தண்ணீரைப் போல நம்மை நேராகத் தொடும் விஷயங்கள். இவற்றுக்கு விதி வகுப்பவர்கள் டில்லியில் இருக்கிறார்கள். ஆனால் விதி வகுக்கும் முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்பதும், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதும் கிராமங்களில் பலருக்குத் தெரிவதில்லை.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதை 2015-16ல் நடந்த ஒரு விவகாரத்தைக் கொண்டு சொன்னால் எளிதில் புரியும்.

2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் என்ற தொலைபேசி நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு திட்டத்தை இந்தியாவில் தொடங்கியது. முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. பின்னர் அதற்கு ‘ஃபிரீ பேசிக்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். ரிலையன்ஸ் சிம் வைத்திருப்பவர்கள், அந்தத் திட்டத்தில் சேர்ந்த இணைய தளங்களை மட்டும் காசில்லாமல் பார்க்கலாம். மற்றவற்றைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில் ஏர்டெல் நிறுவனம் ‘ஏர்டெல் ஜீரோ’ என்ற ஏற்பாட்டை அறிவித்தது. அதில், பார்ப்பவருக்குப் பதிலாக இணைய தளத்தை நடத்துபவரே தொலைபேசி நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துவிடுவார்.

இலவசமாகக் கிடைத்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். ஒரு வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். மதகைத் திறந்து மூடுபவர், தன்னிடம் ஒப்பந்தம் செய்த வயல்களுக்கு மட்டும் தண்ணீர் இலவசம், மற்ற வயல்களுக்கு மணிக்கு இவ்வளவு ரூபாய் என்று வைத்தால் என்ன ஆகும்? முதல் ஆண்டில் சிலருக்கு லாபம். நாளடைவில் எந்த வயல் விளைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் மதகுக்காரர் ஆகிவிடுவார். இணையத்திலும் அப்படித்தான். மதகில் நிற்பவர் எல்லாத் தளங்களையும் ஒன்றுபோல் விட வேண்டும் என்ற கொள்கைக்கு ‘இணையச் சமநிலை’ என்று பெயர்.

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருந்தது. இணையமே இல்லாதவனுக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டும், பழகிய பிறகு அவனே பணம் கட்டி முழுவதையும் பார்ப்பான் என்றார்கள். தொழில்நுட்ப நிபந்தனைக்கு உட்பட்டால் எந்தத் தளமும் திட்டத்தில் சேரலாம் என்றும் ஃபேஸ்புக் சொன்னது. கையில் காசில்லாத வீட்டில் இதை எளிதில் தள்ளிவிட முடியாது.

இங்கேதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வருகிறது. ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து ‘டிராய்’ என்பார்கள். 1997ம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட அமைப்பு இது. ஒரு விஷயத்தில் முடிவெடுக்கும் முன், பிரச்சனையை விளக்கிக் கேள்விகளுடன் ஒரு கலந்தாய்வுத் தாளை வெளியிடும். பொதுவாக நான்கு வாரம் கருத்து எழுதலாம். பிறர் எழுதியதற்கு மறுப்பு எழுத இன்னும் இரண்டு வாரம். பிறகு திறந்த கூட்டம் கூட்டி நேரில் கேட்பார்கள். அதன்பின் உத்தரவோ சிபாரிசோ வரும். காரணங்களையும் எழுதி வெளியிடுவார்கள்.

2015 மார்ச் 27ம் தேதி வந்த முதல் தாள் 118 பக்கம், 20 கேள்வி. படிப்பவரை மலைக்க வைக்கும் ஆங்கிலம். ஆனால் சில இளைஞர்கள் அதைச் சுருக்கி, கேள்விகளை எளிமையாக்கி, பதில் எழுதும் வழியையும் காட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் டிராய்க்குக் குவிந்தன.

அந்த ஆண்டு டிசம்பர் 9ம் தேதி இரண்டாவது தாள் வந்தது. இதில் நான்கே கேள்விகள். வெவ்வேறு இணைய தளங்களுக்கு வெவ்வேறு கட்டணம் வசூலிக்க அனுமதிக்கலாமா? அனுமதித்தால், பாரபட்சம் வராமல் தடுக்க என்ன செய்வது? மக்களுக்கு இலவச இணையம் கொடுக்க வேறு வழி உண்டா? வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா? இவ்வளவுதான். இதில் மூன்றாவது கேள்விக்கு, மாதக் கடைசியில் ரீசார்ஜ் செய்யக் கையில் பணம் இல்லாத ஒரு விவசாயி நகரத்து நிபுணரைவிட நன்றாகப் பதில் எழுதியிருப்பார்.

ஆனால் விவசாயியின் பெயரில் பேசியவர்கள் வேறு. டிசம்பர் இறுதியில் ஃபேஸ்புக் தலைவர் மார்க் சக்கர்பெர்க் ஓர் ஆங்கில நாளிதழில் கட்டுரை எழுதினார். மகாராஷ்டிரத்து விவசாயி ஒருவர் ஃபிரீ பேசிக்ஸ் மூலம் மழை நிலவரமும் விளைபொருள் விலையும் பார்த்துப் பயன் அடைந்தார் என்பது அதில் ஒரு முக்கிய உதாரணம். ஃபேஸ்புக் திறந்தவர்கள் கண்ணில் எல்லாம், ஆதரவுக் கடிதத்தை அப்படியே அனுப்பும்படி ஒரு வேண்டுகோளும் படும்படி செய்தார்கள். பெயரைச் சேர்த்து அழுத்தினால் போதும், கடிதம் போய்விடும்.

இந்த முறை வந்து சேர்ந்த கருத்துக்கள் சுமார் 24 லட்சம். அவற்றில் 18 லட்சத்துக்கும் மேல் இப்படி ஃபேஸ்புக் ஏற்பாட்டின் மூலம் வந்தவை. தலையை எண்ணி முடிவெடுப்பதாக இருந்தால் அன்றே விவகாரம் முடிந்திருக்கும். ஆனால் ஃபிரீ பேசிக்ஸ் வேண்டும் என்றுதான் அந்தக் கடிதங்களில் இருந்ததே தவிர, நான்கு கேள்விகளுக்குப் பதில் இல்லை என்று டிராய் சொல்லிவிட்டது. கருத்துக் கேட்பதை ஓட்டெடுப்பு போல் ஆக்கக் கூடாது என்று ஃபேஸ்புக்குக்குக் கடிதமும் எழுதியது.

2016 பிப்ரவரி 8ம் தேதி உத்தரவு வந்தது. பார்க்கும் விஷயத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் பாரபட்சம் காட்டக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் வீதம் 50 லட்சம் வரை அபராதம். அவசர காலச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. முதல்முறை இணையத்துக்கு வருபவர்களுக்கு எதைப் பார்ப்பது என்று தொலைபேசி நிறுவனமே வரம்பு கட்டுவது சரியல்ல என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சில நாட்களில் ஃபேஸ்புக் தன் திட்டத்தை இந்தியாவில் நிறுத்திக் கொண்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து, போட்டியில் எல்லா நிறுவனங்களும் டேட்டா விலையைக் குறைத்தன. அது இந்த உத்தரவால் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் 2018ல் தமிழக அரசின் உழவன் செயலி வந்தபோது, யாருடைய இலவசப் பட்டியலிலும் இடம் கேட்டு நிற்க வேண்டிய நிலை அதற்கு இல்லை.

எல்லாக் கலந்தாய்வும் இப்படி நடப்பதில்லை. 2021 ஜூன் மாதம் மத்திய வேளாண்மை அமைச்சகம், விவசாயிகளின் நிலம், பயிர் விவரங்களை ஒரே மின்னணு அமைப்பில் இணைப்பது பற்றி ஒரு கலந்தாய்வுத் தாளை வெளியிட்டது. இது நேரடியாக நம் விஷயம். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. கொரோனா இரண்டாவது அலையின் ஊரடங்குக் காலம் அது. 12ம் தேதி மேட்டூர் அணை திறந்து, டெல்டாவில் குறுவை வேலையில் எல்லோரும் மும்முரமாக இருந்தனர். எத்தனை விவசாயிகள் அதைப் பார்த்திருப்பார்கள்? நம் மாநிலத்தில் 2025ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க முகாம் நடந்ததே, அது இந்த ஏற்பாட்டைச் சேர்ந்ததுதான். ஆதார், போன் நம்பர், நில விவரம் எல்லாம் கொடுத்து எண் வாங்கினோம். அந்த விவரத்தை எந்தத் தனியார் நிறுவனம் பார்க்கலாம், பட்டா இல்லாத குத்தகைதாரரின் நிலை என்ன என்று எழுத வேண்டிய நேரம் 2021லேயே வந்து போய்விட்டது.

இனி இப்படித் தாள் வரும்போது என்ன செய்யலாம்?

கல்லூரி படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் டிராய் தளத்தையும் வேளாண் அமைச்சகத் தளத்தையும் மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம். தாள் வந்திருந்தால் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. கடைசியில் கேள்விகளை மட்டும் தொகுத்துப் போட்டிருப்பார்கள். நமக்குச் சம்பந்தப்பட்ட ஒன்றிரண்டை எடுத்துக் கொண்டால் போதும்.

பதிலில் கேள்வியின் எண்ணைக் குறிப்பிட வேண்டும். பிறகு சொந்த அனுபவத்தை எழுத வேண்டும். ‘விவசாயிகள் கஷ்டப்படுகிறார்கள்’ என்ற எழுத்தால் பலன் இல்லை. எந்த ஊர், எந்த மாதம், கொள்முதல் பதிவுக்கு வர வேண்டிய ஓ.டி.பி. எண் சிக்னல் இல்லாமல் எத்தனை முறை தவறியது, அதனால் நெல் களத்தில் எத்தனை நாள் கிடந்தது என்று எழுதினால் அது சாட்சியம் ஆகும். அதன்பின் என்ன மாற்றம் வேண்டும் என்பதை இரண்டு வரியில் சொல்லலாம். பிறர் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புவது, மேலே சொன்ன 18 லட்சம் கடிதங்களின் கதிக்கே போகும்.

தனியாக எழுதத் தயங்குபவர்கள் கிராம சபையில் பேசலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. தீர்மானம் நிறைவேற்றி அதன் நகலைக் கருத்துடன் இணைத்து அனுப்பலாம். ஊர்க்காரர்கள் சேர்ந்து சொன்னது என்பதற்கு அதுவே ஆதாரம்.

ஒரு எச்சரிக்கை. அனுப்பும் கருத்துக்கள் பொதுவாக எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படும். 2015ல் வந்த மின்னஞ்சல்களை அனுப்பியவர்களின் முகவரியோடு டிராய் வெளியிட்டுப் பலத்த கண்டனத்துக்கு உள்ளானது. ஆகவே கருத்துக்குள் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், சர்வே எண் ஆகியவற்றை எழுத வேண்டாம். பெயரும் ஊரும் இருந்தால் போதும். கடைசித் தேதி தாளின் முதல் பக்கத்திலேயே இருக்கும். அதை நீட்டிப்பதும் உண்டு என்றாலும் அதை நம்பி இருக்காமல் முன்கூட்டியே அனுப்பி, நகல் ஒன்றைக் கையில் வைத்துக் கொள்ளவும்.