சிறிய உதிரிப் பாகம், பெரிய பொறுப்பு

அணுமின் நிலையம் என்றதும் பிரம்மாண்டமான உலைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் பாதுகாப்பு சின்னஞ்சிறு ரிலேக்களையும் வால்வுகளையும் நம்பியே இருக்கிறது.

ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்சுற்றைத் திறந்து மூடும் சுவிட்ச். ஆபத்து நேரத்தில் உலையை நிறுத்தும் கட்டளை இதன் வழியாகச் செல்லலாம். அன்றாடம் வேலை செய்யாத ரிலேயில் குறை இருந்தால் சோதித்தால்தான் தெரியும். ஒரே வகை ரிலேக்கள் அனைத்திலும் அதே குறை இருந்தால், ஒன்றுக்கு மூன்றாகப் பொருத்தியும் பயனில்லை.

2013 ஏப்ரலில் கூடங்குளம் முதல் உலையைத் தொடங்குமுன் நடந்த சோதனையில், ஒரே வகையைச் சேர்ந்த நான்கு வால்வுகள் சரியாக இயங்கவில்லை என்று தெரிந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உத்தரவுப்படி பாகங்கள் மாற்றப்பட்டு மறுபடி சோதிக்கப்பட்டன. ஜூலை 13 அன்றுதான் உலையில் தொடர்வினை தொடங்கியது. முன்கூட்டியே சோதித்ததன் பலன் இது.

கொடைக்கானலில் நடந்தது வேறு. வெப்பமானி ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய பொருள் கடையில் கிடந்தது. அதை வெளிக்கொண்டு வந்தவர்கள் ஊர் மக்களும் சூழல் ஆர்வலர்களும்தான். ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட 2016 ஆனது.

அணுமின்சாரம் வேண்டுமா என்பது தனி விவாதம். சோதனை முடிவுகளைக் கேட்பது நம் உரிமை. ஐ.டி.ஐ., பொறியியல் படித்து ஆய்வுப் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி அனுப்புவோம்: சோதிக்காமல் சான்றிதழில் இடும் கையெழுத்தும் பொய்ச் சாட்சியே.