மருத்துவர் இல்லாத இடத்தில் நோயுற்ற கோழிக்குஞ்சு

கோழிக்குஞ்சுகள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் இறந்து கிடக்கக் காணப்படுகின்றன. முதல்நாள் மாலையில் இறக்கையைத் தொங்கவிட்டுச் சோர்ந்து நின்ற குஞ்சு, மறுநாள் காலையில் கூட்டின் மூலையில் விறைத்துக் கிடக்கும். கண்ணேறு என்பர் சிலர். கொள்ளைநோய் என்பர் சிலர். பல வேளைகளில் இரண்டும் அல்ல. நோய் குஞ்சைத் தளர்த்தியது. தளர்ந்த குஞ்சைக் கொன்றவை குளிரும் நீர்வேட்கையுமே. இதனை அறிந்தவர்கள், கால்நடை மருத்துவர் அருகில் இல்லாத இடத்திலும், நோயுற்ற குஞ்சுகள் பலவற்றைப் பிழைக்க வைக்க இயலும்.

மருத்துவர் இல்லை என்பது தொலைவை மட்டும் குறிப்பதன்று. நகரங்களில் உள்ள தனியார் மருத்துவ நிலையங்கள் பெரும்பாலும் நாய் பூனைகளுக்காக நடைபெறுகின்றன. கம்பத்துக் கோழிக்குஞ்சு ஒன்றின் விலை சில வெள்ளி. மருத்துவர்க்கு அளிக்கவேண்டிய கட்டணமோ அதனினும் பன்மடங்கு. ஆகவே, குஞ்சு நோயுற்றால் வீட்டார் தாமே ஏதேனும் செய்வர். அல்லது ஒன்றும் செய்யாது விட்டுவிடுவர். பத்துக் குஞ்சுகளையும் ஒரு தாய்க்கோழியையும் நம்பி வளர்ப்பில் இறங்கிய குடும்பத்திற்கு, ஒரு வாரத்தில் அத்தனையும் போய்விடுவது சிறிய இழப்பன்று. பள்ளியில் குஞ்சு வளர்க்கும் சிறுவனுக்கும் அவ்வாறே.

குளிரே முதற்பகை

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை உடனே பெறுவதில்லை. அவ்வாற்றல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல மெல்ல வளர்கிறது. வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் செல்சியசு அளவில் ஏறத்தாழ 41 பாகை. முதல் வாரக் குஞ்சைச் சுற்றியுள்ள காற்று 32 முதல் 35 பாகை வரை இருத்தல் வேண்டும். பின்னர் வாரத்திற்கு ஏறக்குறைய 3 பாகையாகக் குறைத்துக்கொண்டு வரலாம். இனி மலேசியச் சமவெளியை நோக்குக. பகலில் 32 பாகை இருக்கும். குஞ்சுக்குக் குறையொன்றும் இல்லை. நள்ளிரவுக்குப் பின் 23, 24 பாகைக்கு இறங்குகிறது. மனிதர்க்கு இதமான அவ்வேளை, தாயின் இறக்கைக்கு வெளியே கிடக்கும் நோயுற்ற குஞ்சுக்கு நடுக்கும் குளிராகும். கேமரன் மலையின் இரவைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

ஆகவே, நோயின் பெயர் தெரியுமுன்னரே செய்யவேண்டியது ஒன்று உண்டு. குஞ்சைக் கூட்டத்திலிருந்து பிரித்து, துணி விரித்த அட்டைப்பெட்டியில் இட்டு, வெப்பம் ஊட்டுவதே அது. 40 அல்லது 60 வாட் குண்டு விளக்கு ஒன்றைப் பெட்டியின் ஒரு மூலைக்கு மேல், துணியும் அட்டையும் தீண்டாதவாறு உறுதியாகக் கட்டித் தொங்கவிடலாம். இக்காலத்தில் கடைகளில் மிகுதியாக விற்கப்படும் எல்இடி விளக்கு ஒளி தருமேயன்றிப் போதிய வெப்பம் தாராது. அதனை மாட்டிவிட்டுக் குஞ்சு கதகதப்பாக உள்ளது என எண்ணி உறங்கச் செல்வோர் ஏமாறுவர். குண்டு விளக்குக் கிடைக்காதவர்கள் போத்தலில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, குஞ்சின் அருகே வைத்து, ஆறியதும் மாற்றுவது நன்று. பெட்டியின் மறுபாதி குளிர்ச்சியாகவே இருக்கட்டும்; வேண்டிய இடத்தைக் குஞ்சே தேர்ந்துகொள்ளும்.

வெப்பம் சரியா என்பதைக் குஞ்சே கூறிவிடுகிறது. குளிரும் குஞ்சு உரத்துக் கத்தும், விளக்கடியில் ஒடுங்கும். வெப்பம் மிகுந்தால் இறக்கைகளை விரித்து, வாயைத் திறந்து மூச்சிரைத்து, விளக்கை விட்டு விலகி நிற்கும். இரண்டும் இன்றி, இறகைச் சிலிர்த்துக் கண்ணை மூடி, ஓசையற்று நிற்கும் குஞ்சே அஞ்சத்தக்க நிலையில் உள்ளது. கத்துகிறதே என்று கவலைப்படுவோர், கத்தாதிருப்பதைக் கண்டே மிகுதியாகக் கவலைப்படல் வேண்டும்.

அடுத்தது நீர். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டிச் சர்க்கரை கலந்து கொடுக்கலாம். உப்பு விரல்நுனியால் எடுக்கும் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டா. இளங்குஞ்சின் சிறுநீரகம் மிகுந்த உப்பைத் தாங்காது. நீரை வாய்க்குள் ஊற்றுவது பெருந்தவறு. கோழியின் மூச்சுக்குழல் வாய் நாவின் அடியிலேயே திறந்திருப்பதால், ஊற்றிய நீர் நுரையீரலுக்குள் செல்லக்கூடும். விரலிலோ சொட்டுக்குழாயிலோ ஒரு துளியை எடுத்து அலகின் பக்கவாட்டில் வைத்தால், குஞ்சு தானே அதனை உறிஞ்சி விழுங்கும். முதல் நாளில் அரைமணிக்கு ஒருமுறையேனும் இவ்வாறு செய்தல் நலம். நீர் அருந்தத் தொடங்கிய பின்னரே உணவு. வேகவைத்த முட்டையின் மஞ்சட்கருவைப் பிசைந்து சிறிதளவு வைக்கலாம். கழுத்தடியில் உள்ள தீனிப்பையை விரலால் மெல்லத் தொட்டால் குஞ்சு உண்டதா என்பது விளங்கும். மாலையில் அது நிறைந்தும் காலையில் வெறுமையாகவும் இருத்தல் இயல்பு. காலையிலும் கட்டியாக இருப்பின், உணவு இறங்கவில்லை என்று அறிக.

எச்சம் காய்ந்து மலவாயை அடைத்துக்கொள்வது முதல் வாரத்தில் அடிக்கடி காணப்படும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து, அடைப்பு இளகிய பின்னர் துடைத்தெடுத்து, உடனே உலர்த்தல் வேண்டும். காய்ந்ததைப் பிய்த்து இழுக்கலாகாது. மலவாய்க்குக் கீழே வயிற்றில் காணப்படும் சிறு காய்ந்த முடிச்சு, அழுக்கு அன்று, கொப்பூழ். அதனை இழுத்துக் குஞ்சைக் கொன்றவர்கள் பலர்.

எச்சம் கூறும் செய்தி

வெப்பமும் நீரும் பெற்ற குஞ்சு ஓரிரு நாள் தாங்கும். அந்த அவகாசத்தில் நோய் இன்னதென அறிய முயலல் வேண்டும். அதற்கு எச்சமே முதற்சான்று. பெட்டியில் வெள்ளைத்தாள் விரித்தால் நிறம் எளிதில் தெரியும்.

மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை வளர்ந்த குஞ்சின் எச்சத்தில் குருதி காணப்பட்டால், அது பெரும்பாலும் இரத்தக்கழிச்சலே. குடலின் சுவரைத் தின்னும் ஐமீரியா என்னும் கண்ணுக்குத் தெரியா ஒட்டுண்ணி இதற்குக் காரணம். எச்சத்தோடு வெளிவரும் அதன் முட்டையனைய உறைகள், ஈரமும் வெப்பமும் கூடிய தரையில் ஓரிரு நாளில் தொற்றும் வலிமை பெறுகின்றன. ஆண்டு முழுதும் ஈரமும் வெப்பமும் குறையாத மலேசிய மண் இவற்றிற்கு நல்ல விளைநிலம். சாதாரணக் கிருமிநாசினிகளால் அவ்வுறைகள் அழிவதில்லை. வெயிலும் வறட்சியுமே அவற்றின் பகை. எனவே, மருந்து கொடுத்துவிட்டு ஈரமான மரத்தூளை மாற்றாது விடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதை ஒக்கும்.

இந்நோய்க்கு மருந்து உண்டு. கோழித்தீவனக் கடைகளில் ஆம்புரோலியம் என்னும் பெயரால் கிடைப்பது அது. ஒரு லிட்டர் குடிநீரில் 120 முதல் 240 மில்லிகிராம் வரை மருந்துச்சத்து இருக்குமாறு கலந்து, 3 முதல் 5 நாள் வரை கொடுப்பது வழக்கம். இங்குக் குறித்தது சத்தின் எடையே. கடையில் விற்கும் தூளில் அச்சத்து ஒரு பகுதிதான் இருக்கும். ஆதலின் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட அளவைப் படித்தே கலத்தல் வேண்டும். ஒரு குஞ்சுக்கு நோய் கண்டால், அதே தரையில் மேய்ந்த மற்றவற்றிற்கும் அந்நீரையே வைப்பது முறை.

இம்மருந்து நோயைத் தீர்க்கும் வகை வியப்புக்குரியது. பி1 என்னும் உயிர்ச்சத்தின் வடிவை ஒத்தது ஆம்புரோலியம். ஒட்டுண்ணி, உயிர்ச்சத்து என்று எண்ணி இதனை ஏற்றுக்கொண்டு, உண்மைச் சத்துக் கிட்டாமல் மடிகிறது. மருந்து கொடுக்கும் நாள்களில் பி1 கலந்த சத்துநீரையும் சேர்த்துக் கொடுப்பவர், தம் மருந்தைத் தாமே முறிப்பவர் ஆவர். அளவு மீறிக் கொடுத்தால் ஒட்டுண்ணியோடு குஞ்சும் அச்சத்தை இழந்து வாடும்.

கோழி கற்பித்த பாடம்

உயிர்ச்சத்து என்ற ஒன்று உண்டு என்பதையே உலகம் அறிந்தது ஒரு நோயுற்ற கோழிக்கூட்டத்தால்தான் என்பதை ஈண்டு நினைவுகூரலாம். 1889இல் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறித்தியான் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து, கழுத்து வளைந்து விழுந்தன; சில மாதங்களில் தாமே தேறின. காரணம் பின்னரே தெரியவந்தது. மருத்துவமனைச் சமையற்காரர் கொடுத்த தீட்டிய வெள்ளரிசிச் சோற்றைத் தின்றபோது அவை நோயுற்றன. புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர்க்குரிய அரிசியைக் கோழிக்குத் தர மறுத்தார். தீட்டாத அரிசி உண்ட கோழிகள் நலமடைந்தன. ஒரு சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவத்திற்குச் செய்த உதவி இது. 1929இல் ஐக்மன் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

மலாயாத் தமிழர்க்கும் இச்செய்தியோடு தொடர்பு உண்டு. சயாமிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் திரளாக மடிந்த காலத்தில், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பினர். பிராடன் என்னும் மருத்துவர் இதனைக் கண்டு எழுதினார். 1905இல் பிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருவகை அரிசியையும் இரு பிரிவினர்க்கு அளித்துச் சோதித்தார். புழுங்கலரிசி உண்டோர் காக்கப்பட்டமை கண்டார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் ஊறிவிடுவதே காரணம்.

வளர்ப்போர் இதனால் அறியவேண்டுவது எளிது. வெள்ளரிசி நொய்யை மட்டுமே தின்று வளரும் குஞ்சு, தலையை முதுகின்மேல் பின்னுக்கு வளைத்து, வானத்தைப் பார்ப்பதுபோல் அமர்ந்தால், அது பி1 சத்துக் குறைவாக இருக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் அச்சத்தை நீரில் கரைத்துத் துளித்துளியாகக் கொடுத்தால், சில மணி நேரம் முதல் ஓரிரு நாளுக்குள் தேற்றம் காணப்படும். தவிடும் குஞ்சுத்தீவனமும் கலந்து கொடுப்பின் இக்குறை வருவதே அரிது. கால்விரல்கள் உள்நோக்கிச் சுருண்டிருப்பின் குறைவது பி2 சத்து.

மருந்தில்லா நோய்

ஆனால் கழுத்துத் திருகல் எல்லாம் சத்துக்குறைவு அன்று. கூட்டத்தில் பல கோழிகள் ஒருங்கே சோர்ந்து, பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துக் கழிந்து, வாய்திறந்து மூச்சுத்திணறி, கழுத்துத் திருகி, இரண்டு மூன்று நாளில் வரிசையாக மடியுமானால், அது வெள்ளைக்கழிச்சல். மலாய்க்காரர் ‘சம்பார் ஆயாம்’ என்பர். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டதால் நியூகாசில் நோய் என உலகம் அழைக்கிறது. இந்தியாவில் அது காணப்பட்ட மலையூரின் பெயரால் ராணிகெட் நோய் என்று தமிழ்நாட்டார் வழங்குவர். பெயர் பல, நச்சுயிரி ஒன்றே. குஞ்சுகளின் வேறு சில கழிச்சல்களும் வெண்ணிறமாக இருப்பதால், நிறத்தை மட்டும் கண்டு இப்பெயரைச் சூட்டிவிடலாகாது.

இதற்கு மருந்து இல்லை. சின்ன வெங்காயமும் மஞ்சளும் சீரகமும் அரைத்துக் கொடுக்கும் பழக்கம் தொன்றுதொட்டு வருவது. மஞ்சள் புண்ணுக்கு நல்லது. கொசுக்கடியால் பரவும் கோழியம்மையின் கொப்புளங்களில் மஞ்சளும் வேப்பிலையும் தடவுவதில் தீங்கில்லை. ஆயினும் அவை வெள்ளைக்கழிச்சலைத் தடுத்தன என நம்பித் தடுப்பூசியைக் கைவிடுவது அறியாமை. கம்பத்துக் கோழிகளைத் துரத்திப் பிடித்து ஊசி போடுதல் எளிதன்று என்பதை உணர்ந்து, 1980களில் மலேசிய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் ஆஸ்திரேலிய அறிஞரும் கூடி, வெப்பத்தைத் தாங்கும் வி4 என்னும் தடுப்புமருந்தைத் தீவனத்தில் கலந்து ஊட்டும் முறையை ஆராய்ந்தனர். இன்று கண்ணில் விடும் சொட்டாகவும் குடிநீரில் கலப்பதாகவும் தடுப்புமருந்துகள் கிடைக்கின்றன.

நோய் நுழைந்த வீட்டில் மிஞ்சிய கோழிகளை அவசரமாக விற்றுவிடுவதும், அண்டை வீட்டார்க்குக் கொடுத்துவிடுவதும், அறுத்து உண்டுவிடுவதும் நடைமுறையில் உண்டு. இழப்பைக் குறைக்கும் எண்ணம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் அச்செயலே நோயை அடுத்த கம்பத்திற்கு ஏற்றிச் செல்கிறது. 2004இல் கெலந்தானில் பறவைக்காய்ச்சல் கண்டபோது, கோழியின் நோய் மனிதரையும் தொடக்கூடும் என்ற அச்சம் நாட்டையே ஆட்டியது. பல கோழிகள் ஒருங்கே மடிந்தால் மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்கு அறிவித்தல் வேண்டும். அறிவிப்பதற்குக் கட்டணம் கேட்பாரில்லை. இறந்தவற்றை ஆற்றிலோ சாக்கடையிலோ வீசாது, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைத்தல் வேண்டும். நோய்க்குஞ்சைத் தொட்ட கையைச் சவுக்காரமிட்டுக் கழுவுமுன் சோற்றிலோ நலமுள்ள குஞ்சிலோ வைக்கலாகாது. குழந்தைகள் குஞ்சை முத்தமிடுவதையும் தடுத்தல் நன்று.

தேறிய குஞ்சை உடனே கூட்டத்தில் விடுதல் கூடாது. விளக்கின் வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எச்சம் திரண்டு இயல்பாகி, ஒரு வாரமேனும் கழிந்த பின்னர், முதலில் கம்பிவலைக்கு அப்பால் மற்றவற்றின் கண்ணில் படுமாறு வைக்கலாம். சில நாள் பிரிந்திருந்த குஞ்சைத் தாய்க்கோழி பகலில் அயலதாகக் கருதிக் கொத்திவிடும். இரவில், தாய் உறங்கும் வேளையில், அதன் இறக்கையின்கீழ் மெல்ல நுழைத்துவிட்டால், காலையில் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்வது பெரும்பான்மை.